பதினோரு மீன்களுக்கு ஐந்தடி

சந்திரன் தன் மீன்களை யாரிடம் விட்டுப்போவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பதை முதலில் கண்டுகொண்டவள் பூங்குழலிதான்.

இருவரும் ஹெப்பாளில் தண்ணீர் பம்புகள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். பூங்குழலி சோதனைப் பிரிவில் இருந்தாள். பம்பின் கூட்டுக்குள் காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, எங்கேயாவது குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறாள். சந்திரன் பக்கத்து ஸ்டோர்ஸில் இருந்தான். அவன் கொள்ளேகாலம், அவள் ஹனூர். கன்னடம் மட்டுமே காதில் விழும் அந்த இடத்தில் இரண்டு பேரும் ஊர்ப்பேச்சில் தமிழ் பேசிக்கொள்வார்கள். அவளைவிட ஆறேழு வயது சின்னவன் என்பதால் அக்கா என்று கூப்பிடுவான்.

நான்கு வாரத்தில் அவனுக்குப் புனேவுக்கு மாற்றல். அறையைக் காலி செய்யலாம், பைக்கை ரயிலில் போடலாம். மீன்களை என்ன செய்வது? மொத்தம் பதினொன்று. மிஸ் கேரளா என்று கடைக்காரர்கள் சொல்லும் ஜாதி. விரல்கணு அளவு குஞ்சாக வாங்கி மூன்று வருடம் வளர்த்தவை. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார், ஆனால் இரண்டிரண்டாகப் பிரித்து விற்றுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். கூட்டமாகவே வாழ்ந்து பழகிய மீன்களைப் பிரிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பூங்குழலி அவன் அறைக்குப் போய்ப் பார்த்தாள். வெள்ளி உடம்பு. மூக்கிலிருந்து வால் வரை ஒரு கறுப்புக் கோடு, அதற்கு மேலே பாதி உடம்பு வரை ரத்தச் சிவப்பில் இன்னொரு கோடு. வால் நுனியில் மஞ்சளும் கறுப்பும். பதினொன்றும் ஒன்றாகப் பாயும், ஒன்றாகத் திரும்பும். ஆனால் அது மூன்றடித் தொட்டி. பாய ஆரம்பிப்பதற்குள் கண்ணாடி வந்துவிடும். மலை ஓடையில் எதிர்நீச்சல் போடுகிற ஜாதி இது, குறைந்தது ஐந்தடியாவது வேண்டும் என்று சந்திரன் வருத்தமாகச் சொன்னான்.

அவள் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது, தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். யோசித்துச் சொன்னதல்ல. வாய் முந்திக்கொண்டது.

ஹூட்டகள்ளியில் பூங்குழலியின் வீடு சின்னது. அவளும் கணவன் வேலாயுதமும் மட்டும். வேலாயுதம் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ் ஓட்டுகிறவன். நல்ல உயரம், நிதானமான ஆள், புதிதாக எதைச் சொன்னாலும் முதலில் வேண்டாம் என்பான். ஹாலில் படுக்கையறைக் கதவுக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவே உள்ள சுவரை அவள் டேப் வைத்து அளந்தாள். ஐந்தடி இரண்டு அங்குலம். அவளுக்குக் குதிக்கலாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் நான்கு மீன் கடை ஏறி இறங்கினார்கள். ஐந்தடித் தொட்டிகள் எல்லாமே இரண்டடி அகலம். வைத்தால் படுக்கையறைக் கதவு பாதிதான் திறக்கும். ஒன்றரையடி அகலத்தில் இருந்தவை எல்லாம் நாலடி நீளம்.

கடைசிக் கடையிலிருந்து வெளியே வந்து பைக்கில் ஏறும்போது அவள் சொன்னாள்: "நாமளே செஞ்சா என்னங்க?"

வேலாயுதம் சாவியைத் திருகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். "முந்நூறு லிட்டர் தண்ணிய ஹாலுக்குள்ள நிறுத்தோணும்ங்கற. ஒட்டுனது உட்டுப்போச்சுன்னா?"

"உடாதுங்க. ஒழுகுதா இல்லையான்னு பாக்கறதுதானுங்களே என்ற பொழப்பு."

அவன் வண்டியைக் கிளப்பினான். வீட்டுக்குப் போகும் பாதையை விட்டு வண்டி கண்ணாடிக் கடைப் பக்கம் திரும்பியது. அது அவனுடைய சம்மதம்.

கண்ணாடிக் கடையில் தொட்டையன் என்பவர் அறுப்பு மேஜையில் நின்றிருந்தார். அவள் எழுதிக் கொடுத்த அளவுகளை இரண்டு தரம் படித்தார். பத்து மில்லிமீட்டர் கனத்தில் ஐந்து பலகை, மேல்விளிம்புக்கு நான்கு பட்டை. நீளப்பலகைகள் இரண்டும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்றும், பக்கப்பலகைகள் அந்த இரண்டுக்கும் நடுவே உட்காருவதால் கண்ணாடிக் கனத்தையும் பசைக்கான இடைவெளியையும் கழித்து எழுதியிருப்பதாகவும் அவள் விளக்கினாள். இது ஜன்னலுக்கு இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எதற்கு என்று கன்னடத்தில் கேட்டார். மீனுக்கு என்று சொன்னதும் மேஜையில் இருந்த வேறு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, விளிம்பெல்லாம் உரசி மழுக்கித் தருவதாகவும், கைபட்டாலும் கீறாது என்றும் சொன்னார். வியாழக்கிழமை பலகைகள் ஆட்டோவில் பழைய போர்வை சுற்றி வந்தன. அவள் ஒவ்வொன்றையும் அளந்தாள். ஒரு பலகைகூடப் பிசகவில்லை.

ஒட்டும் நாளன்று ஞாயிறு காலை ஏழு மணிக்கே சந்திரன் வந்துவிட்டான். கார் நிறுத்த விட்டிருந்த போர்ட்டிகோவில், சமமான தரையில் பிளைவுட் போட்டு, அதன்மேல் தெர்மாகோல் விரித்தார்கள். அடிப்பலகையை அதில் கிடத்தினார்கள். விளிம்புகளைப் பூங்குழலி ஸ்பிரிட்டால் மூன்று தரம் துடைத்தாள். அதற்குப் பிறகு யாரையும் விரல்வைக்க விடவில்லை. ஒட்டு விழும் கோட்டின் இரண்டு பக்கமும் பட்டை நாடா ஒட்டினாள். மீனுக்குத் தீங்கு செய்யாத, பூஞ்சை மருந்து கலக்காத கறுப்பு சிலிகான் பசைக் குழாய்கள் வரிசையாகத் தயாராக இருந்தன. பசை விழுந்ததிலிருந்து ஐந்து நிமிடம்தான், அதற்குமேல் மேலே தோல் கட்டிவிடும். அதற்குள் பலகையை நிறுத்தி, அழுத்தி, நேர் பார்த்து, பட்டை நாடா சுற்றிவிட வேண்டும்.

முந்தின நாளே அவர்கள் பசையில்லாமல் இரண்டு தரம் ஒத்திகை பார்த்திருந்தார்கள். யார் எந்தப் பக்கம், யார் முதலில் தூக்குவது, யார் பேசலாம் என்பதுவரை. பேசலாம் என்று அனுமதி இருந்தது பூங்குழலிக்கு மட்டும்.

பசைத் துப்பாக்கியை அழுத்தியதும் காடி வாசனை குப்பென்று எழுந்தது. அவள் கை ஒரே சீராக நகர்ந்தது. பின்பலகை எழுந்து நின்றது. இடது பக்கப்பலகை. வலது பக்கப்பலகை. வேலாயுதம் இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டான். கண்ணாடியும் கண்ணாடியும் அழுந்தும் இடத்தில் பசை பரந்து, முழுக்கக் கறுப்பாக, குமிழி இல்லாமல் படர்வதைப் பார்க்கப் பார்க்க மூன்று பேருக்கும் வேகம் ஏறியது. சந்திரன் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக முன்பலகை. மிகப் பெரிய ஒட்டு அதுதான். அடிப்பலகையில் ஐந்தடி, பிறகு இரண்டு பக்கமும் மேலே. வலது மூலையில், பக்கப்பலகை அடியோடு சேரும் இடத்தில், துப்பாக்கி கடகடவென்று காற்றைத் துப்பியது. குழாய் தீர்ந்துவிட்டது. அடுத்த குழாயின் மூக்கை அவள் முன்பே நறுக்கி வைக்கவில்லை. நறுக்கி, மாட்டி, மறுபடி தொடங்குவதற்குள் இரண்டு மூன்று நிமிடம் ஓடிவிட்டது. பலகை நின்றது. அழுத்தினார்கள். அந்த மூலையில் மட்டும் கறுப்புக்கு நடுவே அரிசியளவில் வெளிறிய ஒரு புள்ளி தெரிந்தது.

பூங்குழலி அதைப் பார்த்தாள். தொழிற்சாலையில் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கியிருப்பாள். இங்கே இரண்டு பேரும் கை வலிக்கப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், தொட்டி தொட்டியாகவே எழுந்து நிற்கிறது, வெயில் அதன் வழியாகச் சுவரில் பச்சையாக விழுகிறது. உள்பக்கம் வேறு ஒரு வரி பசை வரும், அது மூடிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்வரியை இழுத்து, ஐஸ்கிரீம் குச்சியால் வழித்து, பட்டை நாடாவை உரித்தாள். அதன்பின் மூன்று பேரும் எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டே உப்புமா சாப்பிட்டார்கள்.

ஒரு வாரம் அதைத் தொடக்கூடாது. ஆனால் அந்த வாரத்தில் வேலாயுதம் மாறிப்போனான். வெல்டிங் பட்டறையில் நின்று இரும்பு ஸ்டாண்ட் அடித்துக்கொண்டு வந்தது அவன். அதில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அடியில் தகடு கொடுத்ததும் அவன். பஸ்ஸில் ஏறும் கம்பெனிப் பையன்களிடம் தொட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்கு வேறு ஒருவர் மூலம் தெரிந்தது.

மூன்றாவது ஞாயிறு காலை போர்ட்டிகோவிலேயே வைத்துத் தண்ணீர் நிரப்பினார்கள். கால் பங்கு. நிறுத்தி, சுற்றிலும் நியூஸ்பேப்பர் விரித்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. பாதி. காய்ந்திருந்தது. முக்கால் ஏறும்போது தண்ணீரின் கனத்தில் கண்ணாடி இளம்பச்சையாக ஜொலித்தது. வேலாயுதம் குனிந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ளே பார்த்துவிட்டு, ஐந்தடி இவ்வளவு நீளமா என்றான்.

பதினோரு மணிக்கு வலது மூலையில் பேப்பர் கறுத்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவு. பிறகு கையகலம்.

சந்திரன் அன்றும் வந்திருந்தான். தண்ணீரை வடித்துவிட்டு அந்த இடத்தில் உள்ளே இன்னும் கொஞ்சம் பசை பூசிவிட்டால் நின்றுவிடுமே என்றான். பழைய பசைமேல் புதுப்பசை பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். வேறொன்றும் தெரியும்.

"அந்த மூலைல குமிழி இருந்துச்சுங்க," என்றாள் கணவனைப் பார்த்து. "ஒட்டுன அன்னைக்கே பாத்தேன். பாத்துட்டும் பேசாம இருந்துட்டேன்."

சந்திரன் குழாய் போட்டுத் தண்ணீரை வடிக்கத் தொடங்கினான்.  அவளுக்கு முகம் காந்தியது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு பம்பைக்கூட அவள் அப்படி விட்டதில்லை.

வேலாயுதம் லுங்கியை மடித்துக் கட்டினான். "செரி புள்ள, இப்ப எதைக் கழட்டோணும், அதைச் சொல்லு."

முன்பலகையைக் கழற்ற வேண்டும் என்றாள். வாரம் முழுக்கக் காய்ந்து இறுகிய பசை. கத்தி உள்ளே போகாது. தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு போகும். சந்திரன் ஓடிப்போய் வாங்கி வந்தான். பிளேடால் மூலையில் ஒரு வழி திறந்து, நரம்பை உள்ளே விட்டு, உள்ளே ஒருவர் வெளியே ஒருவராக மரம் அறுப்பது போல இழுத்தார்கள். கையில் துணி சுற்றிக்கொண்டும் விரல் சிவந்தது. நரம்பு ஐந்து தடவை அறுந்தது. ஆனால் ஒவ்வொரு அங்குலமும் திறந்துகொண்டே போனது! பிற்பகலில் முன்பலகை முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் கையோடு வந்தபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். சாயங்காலம் வரை பழைய பசையைச் சுரண்டினார்கள். மறுநாள் காலை கணவனும் மனைவியும் வேலைக்குப் போகாமல் முன்பலகையை மறுபடி ஒட்டினார்கள். இந்தத் தடவை எல்லாக் குழாய்களின் மூக்கையும் முதலிலேயே நறுக்கி வைத்திருந்தாள். தீரும் முன்னே வேலாயுதம் குழாய் மாட்டிய இன்னொரு துப்பாக்கியை அவள் கையில் வைத்தான். ஒட்டு முழுக்கக் கறுப்பு. அவள் டார்ச் அடித்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை.

இதில் ஒரு சிக்கல் வந்தது. பசை காய இன்னும் ஒரு வாரம் வேண்டும். சந்திரனுக்கு வெள்ளிக்கிழமை ரயில். மீன்களுக்கு அதுவரை இடம்?

யோசனை வேலாயுதத்தினுடையது. எதுவும் ஊற்றிவைக்காத புது நீல டிரம் ஒன்றை அவன் வாங்கி வந்தான். வியாழக்கிழமை மாலை பதினோரு மீன்களும், அவற்றின் பழைய தண்ணீரில் பாதியும், சந்திரனின் பழைய ஸ்பாஞ்சு ஃபில்டரும் டிரம்முக்கு வந்து சேர்ந்தன. ஸ்பாஞ்சை ஒருபோதும் காயவிடக்கூடாது, அதில்தான் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர் எல்லாம் இருக்கிறது, தொட்டிக்கும் அதையே மாற்றுங்கள் என்று சந்திரன் பத்துத் தடவை சொன்னான். கிளம்பும்போது டிரம்முக்குள் குனிந்து எண்ணினான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி தண்ணீர் நிரப்பினார்கள். கால், பாதி, முக்கால், முழுசு. பேப்பர் விரித்தாள். மாலை வேலை முடிந்து வந்து முட்டி போட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மறுநாளும் காய்ந்தே இருந்தது. நான்கு மூலையிலும் டிஷ்யூ காகிதம் வைத்து ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புதன்கிழமை தண்ணீரை வடித்துவிட்டு, பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் கைகொடுக்க, தொட்டி ஹாலுக்குப் போய் ஸ்டாண்டில் உட்கார்ந்தது. இரண்டு கதவும் தாராளமாகத் திறந்தன. கழுவின மணல், கபினிக் கரையிலிருந்து கொண்டுவந்த உருண்டைக் கற்கள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தண்ணீரைத் தள்ளும் மோட்டார். சனிக்கிழமை வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்பாஞ்சு ஃபில்டரைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு மீன்களை மாற்றினார்கள். வேலாயுதம் போர்ட்டிகோவில் வலையால் அள்ளி வாளியில் விட, அவள் வாளியை உள்ளே கொண்டுபோய் மெதுவாகத் தொட்டிக்குள் சாய்த்தாள். நாலு. மூன்று. மறுபடி மூன்று. உள்ளே விட்டவை ஒரு மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. டிரம்மில் இனி ஒன்றும் இல்லை என்று வேலாயுதம் குரல் கொடுத்தான்.

பூங்குழலி எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள். பத்து.

வெளியே ஓடினாள். டிரம்மில் இல்லை, வாளியில் இல்லை, வலையில் இல்லை. எங்கேயோ துள்ளி விழுந்திருக்கிறது. இரண்டு பேரும் நாலுகாலில் தவழ்ந்து தேடினார்கள். செருப்புகளைப் புரட்டினார்கள், பைக்கின் அடியில் பார்த்தார்கள்.  எத்தனை நேரம் ஆயிற்று? இரண்டு நிமிடமா, நாலு நிமிடமா?

"இங்க இருக்குது," என்றான் வேலாயுதம். அவன் குரல் மாறியிருந்தது.

காலை அவள் தண்ணீர் ஊற்றிய செம்பருத்திச் செடித் தொட்டியின் பின்னால், ஈரமண்ணில் அது பக்கவாட்டில் கிடந்தது. உடம்பெல்லாம் மண். அசைவில்லை. அவன் கையை டிரம் தண்ணீரில் முக்கி நனைத்துக்கொண்டு அதை இரண்டு கையாலும் எடுத்தான். ஆறடி ஆள், குனிந்தபடி, ஹாலுக்குள் ஓடினான். தொட்டிக்குள் கையை விட்டு, மோட்டார் தண்ணீரைத் தள்ளும் வாய்க்கு எதிராக மீனின் முகத்தைத் திருப்பிப் பிடித்தான். தண்ணீர் அதன் வாய் வழியாகப் போகட்டும் என்று அவள் சொன்னதை அவன் கேட்டானா என்றே தெரியவில்லை. சட்டைக் கை தோள்வரை நனைந்தது.

மண் கரைந்து போயிற்று. சிவப்புக் கோடு தெரிந்தது. செவுள் ஒருமுறை திறந்து மூடியது. அப்புறம் ஒன்றும் இல்லை. அவள் ஸ்டாண்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறுபடி திறந்தது. மறுபடி. வேலாயுதத்தின் விரல்களுக்குள் வால் ஒரு தடவை உதறியது. அவன் கையை விரித்தான். மீன் கொஞ்சம் சாய்ந்தாற்போல மிதந்து, நிமிர்ந்து, தள்ளாடியபடி மூலையில் நின்ற கூட்டத்தை நோக்கிப் போயிற்று. பத்தும் விலகி அதை நடுவில் விட்டுக்கொண்டன.

அவன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூடி ஒன்னு உடனே போடோணும்," என்றான். தொட்டையனிடம் இன்றைக்கே வெட்டித் தரச் சொல்வதாகவும், அதுவரை கொசுவலையைக் கட்டி வைக்கலாம் என்றும் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்திருக்கவில்லை.

அரை மணி நேரம் மீன்கள் மூலையை விட்டு நகரவில்லை. பிறகு ஒன்று வெளியே வந்தது. நீரோட்டத்துக்கு எதிரே நின்று ஒரு கணம் யோசித்தது. ஒரே பாய்ச்சல். ஹாலின் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை போய்த் திரும்பியது. அடுத்த பாய்ச்சலில் மூன்று சேர்ந்துகொண்டன. பத்து நிமிடத்தில் பதினொன்றும் நடுத்தண்ணீரில் வரிசையாக, சிவப்புக் கோடு ஒன்றன்பின் ஒன்றாக மின்ன, முழு ஐந்தடியையும் எடுத்துக்கொண்டு பாய்ந்துகொண்டிருந்தன. கண்ணாடி வந்து திரும்புவதற்கு முன்னால் அவற்றுக்கு நிஜமான வேகம் பிடித்துவிட்டது. பூங்குழலிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவளுக்கே தெரியாமல் கணவனின் ஈரச்சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

சந்திரனுக்கு வீடியோ கால் போட்டாள். புனேவில் எங்கோ ஓர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். அவள் போனைத் தொட்டி நெடுகப் பிடித்தாள்.  அவன் உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறான் என்று தெரிந்தது. மீன்கள் நின்றால்தானே எண்ண முடியும். மூன்று தரம் தப்பவிட்டுக் கடைசியில் எண்ணி முடித்தான்.

"அக்கா," என்றான், "போனை அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடிக்கு இன்னொருக்கா கொண்டு வாங்க."

அவள் கொண்டுபோனாள். மீன்கள் அவள் கையை முந்திக்கொண்டு போயின.